கண் அழுத்தம் 17-க்கு வந்துவிட்டது, சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. எட்டு மாதத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் அழுத்தம் 28 இருக்கிறது, குளுக்கோமா (கண் அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) தொடங்கியிருக்கிறது என்று சொல்லி, இரவில் லட்டானோப்ரோஸ்ட், காலையும் மாலையும் டிமோலால் போடச் சொன்னார்கள். இப்போது அழுத்தம் 17. லட்டானோப்ரோஸ்ட் புட்டி 18 நாளில் தீர்ந்துபோகிறது. போன மாதம் கடையில் அந்தப் பெயரில் மருந்து இல்லை என்று வேறு புட்டி கொடுத்தார்கள். கண் சிவந்ததற்கும் ஒரு சொட்டு மருந்து தந்தார்கள். சில வாரமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார் அம்மா. அழுத்தம்தான் சரியாகிவிட்டதே, மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வியைவிட அவசரமான விஷயம் வேறு இருக்கிறது. அந்த மூச்சு வாங்குதல். முதலில் அதைப் பார்ப்போம்.

கடையில் மாற்றிக் கொடுத்த புட்டியை எடுத்து, பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன்கீழ் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். 'லட்டானோப்ரோஸ்ட் 0.005%' என்று மட்டும் இருந்தால் கவலையில்லை. கம்பெனி மாறினாலும் மருந்து அதேதான். அதோடு 'டிமோலால் 0.5%' என்றும் சேர்த்துப் போட்டிருந்தால் அது கூட்டு மருந்து. பெரும்பாலும் வணிகப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து கூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவது இதைத்தான். அப்படியானால் அம்மாவுக்குக் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை டிமோலால் போகிறது. இரண்டு வேளைக்கு மேல் போடும் மருந்து அல்ல அது.

டிமோலால் கண்ணில் விட்டாலும் கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் உள்மூலையில் உள்ள நுண்துளை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரையாவது கல்லீரலைக் கடக்கும்போது வலுக் குறையும். இதற்கு அந்தத் தடை இல்லை. மூச்சுக் குழாயைச் சுருக்கும், நாடித் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா, வீசிங், இதயத் துடிப்பு மந்தமாக உள்ளவர்களுக்கு இதைத் தரவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்து துடிப்பை இன்னும் கீழே இறக்கும். இன்றே அம்மாவின் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எத்தனை வந்தாலும், மூச்சு வாங்குவதையும் சேர்த்துக் கண் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அவரிடம் பேசும்வரை டிமோலால் உள்ள எந்தப் புட்டியையும் தொட வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ தலைசுற்றினாலோ போனுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனி லட்டானோப்ரோஸ்ட் மட்டும் வழக்கம்போல இரவில் தொடரட்டும். டிமோலாலுக்குப் பதில் வேறு வகை மருந்துகள் இருக்கின்றன.

"வீசிங் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்க அரை நிமிடம் போதும். அதைக்கூடக் கேட்காமல் சீட்டு எழுதும் பழக்கம் நம் வெளிநோயாளிப் பிரிவுகளில் ஊறிப்போயிருக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 17. அது மருந்து போட்டிருக்கும்போது வந்த அளவு. மருந்தை விட்டால் சில வாரத்தில் பழைய 28-க்கே திரும்பும். வலிக்காது, சிவக்காது, அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பக்கப் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் பேப்பர் படிக்க முடிகிறதே என்று நம்பிக்கொண்டிருப்பார். போன பார்வையை எந்தச் சொட்டும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பதுதான் இந்த மருந்தின் வேலை. ஸ்வீடனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், அழுத்தம் ஒவ்வொரு மி.மீ. (28, 17 என்பவையும் இந்த அலகில்தான்) குறையும்போதும் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைந்தது. 28-லிருந்து 17 என்பது பெரிய லாபம். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு மட்டும் ஒழுங்காக மருந்து போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அன்று அளவு நன்றாக வரும், மருத்துவரும் மருந்தை மாற்ற மாட்டார், பார்வை நரம்பு மட்டும் வீட்டில் தேய்ந்துகொண்டிருக்கும்.

நிறுத்தக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அம்மாவுக்குக் கடையில் தந்த 'சிவப்புக்கான' மருந்தால் அதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சிலருக்கு அழுத்தம் ஏறுவதே ஸ்டீராய்டு என்னும் அழற்சியை அடக்கும் மருந்தால்தான். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்ற பெயர்களில் ஒன்று அந்தப் புட்டியில் இருக்கிறதா பாருங்கள். ஆன்டிபயாட்டிக் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டும் இருக்கும். போட்ட மறுநாளே கண் வெள்ளையாகிவிடும், அதனால்தான் கடைக்குக் கடை இதை எடுத்துக் கொடுக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது; யார் மதிக்கிறார்கள்? சில வாரம் தொடர்ந்து போட்டாலே பலருக்கு அழுத்தம் ஏறும், ஏற்கெனவே குளுக்கோமா உள்ளவர்களுக்கு ஏறும் வாய்ப்பு இன்னும் அதிகம். அரிப்புக்காக இதையே மாதக்கணக்கில் போட்டுப் பள்ளி வயதிலேயே பார்வை நரம்பு கெட்ட பிள்ளைகள் உண்டு. முகம் வெளுக்க என்று விற்கும் ஸ்டீராய்டு கிரீமை இமையருகே தொடர்ந்து தேய்த்தாலும் ஏறலாம். பொடி, லேகியம் என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இப்படி ஏறிய அழுத்தம், ஸ்டீராய்டை நிறுத்திய சில வாரத்தில் பெரும்பாலும் தானே இறங்கும். அப்போது குளுக்கோமா சொட்டையும் மருத்துவர் படிப்படியாக நிறுத்தக்கூடும். நெடுநாள் போட்டிருந்தால் இறங்காமலும் போகலாம். இறங்கினாலும் அதற்குள் கெட்ட நரம்பு கெட்டதுதான். எட்டு மாதத்துக்கு முன் 28 பார்த்த சமயத்தில் அம்மா இப்படி எதையாவது போட்டுக்கொண்டிருந்தாரா என்று யோசித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் தந்த ஸ்டீராய்டை இன்றே விட்டுவிடலாம். கண் அறுவைக்குப் பிறகோ உள்கண் அழற்சிக்கோ மருத்துவரே எழுதித் தந்ததாக இருந்தால் மட்டும் அவரைக் கேட்காமல் விடக் கூடாது.

லட்டானோப்ரோஸ்ட்டே லேசாகக் கண்ணைச் சிவக்க வைக்கும், பலருக்குச் சில வாரத்தில் அது தணிந்துவிடும். இமைமுடி நீளும், இமை கொஞ்சம் கறுக்கும். சிவப்பு குறையாவிட்டால் பதப்படுத்தி (மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாத புட்டி கிடைக்கிறது, கேளுங்கள்.

புட்டி 18 நாளில் தீர்வதற்குக் கணக்குப் போட்டுவிடலாம். 2.5 மி.லி. புட்டியில் ஏறக்குறைய 80 சொட்டு வரும். இரண்டு கண்ணுக்கும் இரவுக்கு இரண்டு சொட்டு என்றால் 40 நாள் வர வேண்டும். 18 நாளில் தீர்ந்தால் அம்மா இரவுக்கு நான்குக்கு மேல் விடுகிறார், பாதி கன்னத்தில் வழிகிறது. இமைக்குள் ஒரு சொட்டுக்கே முழுதாக இடம் கிடையாது. இரண்டாவது சொட்டு விட்டால் முதல் சொட்டையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இந்த மருந்தை அதிகம் போட்டால் பலன் கூடாது. ஒரே நாளில் இரண்டு வேளை போட்டால் குறையவே செய்யும். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் ஈடுகட்ட வேண்டாம்.

கையைக் கழுவிவிட்டு அம்மாவை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் நீங்களே விடுங்கள். ஆள்காட்டி விரலால் கீழிமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை போலத் திறக்கும். முனை இமையிலோ முடியிலோ படாமல், அந்தப் பைக்குள் ஒரே சொட்டு. பிறகு கண்ணை மென்மையாக மூட வேண்டும். இறுக்கிப் பிழியவோ படபடவென்று இமைக்கவோ கூடாது. மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூக்கு வழியாக ரத்தத்துக்கு மருந்து போவதை அது கணிசமாகக் குறைக்கும். வாயில் கசப்புத் தெரிந்தால் அழுத்தம் சரியான இடத்தில் படவில்லை. ஒரே நேரத்தில் இன்னொரு மருந்தும் போட வேண்டியிருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். எட்டு மாதமாக இதை ஒருவரும் செய்து காட்டவில்லை என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது. அழுத்தம் பார்க்கக் கருவி வாங்குகிறார்கள். சொட்டு விடக் கற்றுக்கொடுக்க ஒரு செவிலியருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள்.

லேபிளில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், திறக்காத லட்டானோப்ரோஸ்ட் புட்டி ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. அப்படிப்பட்ட புட்டியைக் கடைக்காரர் வெறும் அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்காதீர்கள். "ஆறு புட்டி சேர்த்து வாங்கினால் தள்ளுபடி" என்று ஏப்ரல் வெயிலில் பார்சல் அனுப்புகிறவர்களிடம் அறவே வேண்டாம். திறந்த புட்டிக்கு 25 டிகிரி வரை என்று லேபிளில் இருக்கும். நம் ஊர்க் கோடையில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? ஃப்ரிட்ஜ் கதவிலேயே வையுங்கள்; சில்லென்று இருப்பதால் சொட்டு கண்ணில் விழுந்ததா என்பதும் தெரியும். திறந்த தேதியைப் புட்டியில் எழுதி, லேபிளில் சொன்ன நாளோடு (பலவற்றில் நான்கு வாரம்) மீதியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் விட்டுவிடாமல், மக்கள் மருந்தகத்தில் மருந்துப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகிறது. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய சொட்டுக்குத் தருவதில்லை. சொட்டே ஒத்துவராவிட்டால் லேசரும் உண்டு. 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், லேசரோடு சிகிச்சையைத் தொடங்கிய கண்களில் நான்கில் மூன்று பங்குக்கு மூன்று ஆண்டு வரை சொட்டு தேவைப்படவில்லை. அம்மாவின் கண்ணுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள். போகும்போது வீட்டில் உள்ள எல்லாப் புட்டிகளையும், தீர்ந்தவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இது குடும்ப வழியில் வரும் நோய். உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் 40 வயது தாண்டியிருந்தால், கண்ணாடிக் கடையில் காற்றடித்துப் பார்க்கும் அளவோடு நின்றுவிடாமல், கண் பாப்பாவை (கண்ணின் நடுவிலுள்ள கருந்துளையை) மருந்து விட்டு விரித்துப் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.