கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்துமா?

கேள்வி: கரூரில் மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை ஆகியவற்றைத் தைத்து விற்கிறோம். இதுவரை பிற ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க்காகச் செய்துவந்தோம். இப்போது முதல் முறையாக ஹாம்பர்க்கில் உள்ள ஒரு வாங்குபவரிடமிருந்து நேரடியாக ஒரு 20 அடி கன்டெய்னருக்கு ஆர்டர் வந்துள்ளது. பணம் எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பணம் செலுத்தும் உறுதிக் கடிதம்) மூலம் வரும். அவர் 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி' (தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றித் தரும் விலை) கேட்கிறார். 'எக்ஸ் ஒர்க்ஸ் (தொழிற்சாலையிலேயே ஒப்படைக்கும் விலை) கொடுங்கள், தொல்லை இல்லை' என்கிறார் எங்கள் ஏஜென்ட். 'சி.ஐ.எஃப். (கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை) கொடுத்தால் ஃபிரைட்டில், அதாவது கப்பல் கட்டணத்தில், கொஞ்சம் மிச்சப்படும்' என்கிறார் ஒரு நண்பர். எதற்கு ஒப்புக்கொள்வது? கப்பல் ஏறுவதற்கு முன் சரக்குக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு?

பதில்: உங்கள் சரக்கு கன்டெய்னரில் போவதால், எஃப்.ஓ.பி.க்குப் பதிலாக எஃப்.சி.ஏ. விதியில் (வாங்குபவர் நியமித்த போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கும் விதி), தூத்துக்குடியில் சரக்கை ஒப்படைக்கும் கன்டெய்னர் முனையத்தின் பெயரையும் எழுதி விலை கொடுப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. வாங்குபவர் எஃப்.ஓ.பி.யில் உறுதியாக நின்றால் அதற்காக ஆர்டரை இழக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது எந்த இடைவெளி உங்கள் தலையில் விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

இந்த மூன்றெழுத்துச் சொற்கள் இன்கோடெர்ம்ஸ் என்ற விதித்தொகுப்பில் உள்ளவை. பாரிஸில் இயங்கும் பன்னாட்டு வணிகச் சபை இவற்றை முதன்முதலில் 1936ல் வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்டு, இப்போது நடைமுறையில் இருப்பது 2020 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இன்கோடெர்ம்ஸ் 2020 பதிப்பு. மொத்தம் 11 விதிகள்: அவற்றில் 7 எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும், மீதி 4 கடல், உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு மட்டுமே உரியவை. எஃப்.ஓ.பி.யும் சி.ஐ.எஃப்.பும் இந்த நான்கில் அடங்குகின்றன; எஃப்.சி.ஏ. முதல் வகையைச் சேர்ந்தது. இவை எந்த நாட்டின் சட்டமும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கட்டுப்படுத்தும். அதனால் பதிப்பின் ஆண்டையும் சேர்த்து எழுதுவது அவசியம். அமெரிக்காவின் பழைய வணிகச் சட்ட வழக்கில் எஃப்.ஓ.பி. என்ற சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. அங்கே ஓர் உள்நாட்டு நகரத்தின் பெயரைச் சேர்த்து எஃப்.ஓ.பி. என எழுதுவதும் வழக்கம். நாளை அமெரிக்க வாங்குபவர் ஒருவர் வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு விதியும் அடிப்படையில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. செலவு எதுவரை விற்பவருடையது? சேதத்தின் பொறுப்பு, அதாவது ரிஸ்க், எந்தப் புள்ளியில் வாங்குபவருக்கு மாறுகிறது? பலரும் இந்த இரண்டும் ஒரே இடத்தில் மாறும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில விதிகளில் அப்படித்தான். சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது.

முதலில் எஃப்.ஓ.பி.யைப் பார்ப்போம். இந்த விதியில், வாங்குபவர் குறிப்பிட்ட கப்பலில் சரக்கு ஏற்றப்பட்ட பிறகுதான் ரிஸ்க் கைமாறுகிறது. 2010 பதிப்புக்கு முன் கப்பலின் விளிம்பைத் தாண்டினாலே மாறிவிடும் என்றிருந்தது. இப்போது கப்பலுக்குள் வைக்கப்பட வேண்டும். சாக்கு மூட்டையும் மரத்தடியும் விற்பவரின் கண்முன்னே கப்பலில் ஏறிய காலத்துக்கு இது பொருத்தமான விதி. உங்கள் கன்டெய்னரின் பயணம் அப்படி நடப்பதில்லை. கரூரில் உங்கள் வாசலில் டிரெய்லர் பின்பக்கமாக வந்து நிற்கிறது, அட்டைப்பெட்டிகளை எண்ணி ஏற்றுகிறீர்கள், கதவை மூடி சீல் போடுகிறீர்கள், சீல் எண்ணை ஆவணத்தில் எழுதுகிறீர்கள். மதுரை வழியாக வண்டி தூத்துக்குடி சேர்ந்து, முனையத்தின் வாயிலில் கேட்-இன் ஆனதும், அதாவது உள்ளே வந்ததாகப் பதிவானதும், கன்டெய்னர் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. அதன்பின் அதைத் திறக்கவோ நகர்த்தவோ மழையிலிருந்து காக்கவோ உங்களால் முடியாது. ஆனாலும் கப்பல் வந்து கிரேன் அதைத் தூக்கி உள்ளே வைக்கும் வரை, எத்தனை நாளானாலும், எஃப்.ஓ.பி.யில் சேதம் உங்களுடையது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்தவெளி யார்டில் நிற்கும் கன்டெய்னரின் கூரையில் ஓர் ஊசித்துளை இருந்தாலே உள்ளே இருக்கும் துணியில் கறை படிந்துவிடும். (காலி கன்டெய்னர் வந்ததும் ஓர் ஆளை உள்ளே நிறுத்திக் கதவை வெளியிலிருந்து மூடி, எங்காவது வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. துணிச் சரக்குக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை.)

இதில் விற்பவருக்கு ஆதரவான ஒரு நுணுக்கமும் உண்டு. வாங்குபவர் நியமித்த கப்பல் ஒப்புக்கொண்ட காலத்துக்குள் வராவிட்டால், அல்லது கப்பலின் விவரத்தை அவர் உரிய நேரத்தில் தெரிவிக்காவிட்டால், ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, அல்லது ஒப்புக்கொண்ட கால எல்லை முடிந்ததிலிருந்து, ரிஸ்க் அவருக்குப் போய்விடும். சரக்கு இன்ன ஒப்பந்தத்துக்குரியது என்று தெளிவாக அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஒப்பந்தத்தில் ஏற்றுமதித் தேதியை 'கூடிய விரைவில்' என்று எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

எஃப்.சி.ஏ.யில், வாங்குபவர் நியமித்த போக்குவரத்து நிறுவனத்திடம் குறித்த இடத்தில் சரக்கை ஒப்படைத்ததும் ரிஸ்க் மாறுகிறது. இடம் உங்கள் தொழிற்சாலை என்றால், அவர் அனுப்பும் வண்டியில் ஏற்றி முடித்ததும் உங்கள் கடமை தீர்ந்தது. இடம் தூத்துக்குடி முனையம் என்றால், உங்கள் டிரெய்லர் அங்கே சென்று, இறக்குவதற்குத் தயார் நிலையில் சரக்கை ஒப்படைத்ததும் தீர்ந்தது. இறக்குவது உங்கள் வேலை இல்லை. ஏற்றுமதிக்கான சுங்க நடைமுறைகள் இரண்டிலும் உங்களுடையவையே. டிரெய்லரை நீங்களே ஏற்பாடு செய்து பழகியவர் என்பதால் இரண்டாவதைச் சொல்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள்: முனையக் கையாளல் கட்டணமான டி.எச்.சி.யை ஷிப்பிங் லைன்கள் (கப்பல் நிறுவனங்கள்) பெரும்பாலும் இங்குள்ள ஏற்றுமதியாளரிடமே வசூலிக்கின்றன. எஃப்.சி.ஏ. முனையம் என்று எழுதிவிட்டு அந்தப் பில்லையும் நீங்களே கட்டினால் விலையில் அந்த அளவுக்கு இழப்பீர்கள். எனவே டி.எச்.சி. யாருடையது என்பதைத் தனி வரியாக எழுதிவிடுங்கள்.

எல்.சி. இருப்பதால் எஃப்.சி.ஏ. சரிப்படாது என்று உங்கள் வங்கியிலேயே சொல்லக்கூடும். அதில் நியாயம் இருந்தது. கடல்வழி பி.எல். (பில் ஆஃப் லேடிங்; சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) கேட்கும் எல்.சி.யில், சரக்கு கப்பலில் ஏறிவிட்டது என்ற குறிப்பு பி.எல்.லில் இருக்க வேண்டும் என்பது எல்.சி.க்களுக்கு 2007 முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 விதிகளின் தேவை. எஃப்.சி.ஏ.யிலோ கப்பல் ஏறும் முன்பே ஒப்படைப்பு முடிந்துவிடுவதால், லைன் கொடுக்கும் ஆவணத்தில் 'சரக்கு பெறப்பட்டது' என்று மட்டுமே இருக்கலாம். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே 2020 பதிப்பில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது: இருவரும் ஒப்புக்கொண்டால், கப்பலில் ஏறிய பிறகு ஏறியதற்கான குறிப்புடன் கூடிய பி.எல்.லை விற்பவருக்குத் தருமாறு வாங்குபவர் தன் செலவில் லைனுக்கு அறிவுறுத்த வேண்டும். இது தானாக அமலாவதில்லை. ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நிறைய பேர் தவறவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

எக்ஸ் ஒர்க்ஸ் பற்றி உங்கள் ஏஜென்ட் சொன்னதை ஏற்க வேண்டாம். அந்த விதிப்படி ஏற்றுமதி அனுமதி பெறுவதும், வண்டியில் ஏற்றுவதும்கூட, வாங்குபவரின் பொறுப்பு. ஹாம்பர்க்கில் இருப்பவரிடம் இந்தியாவின் ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவான ஐ.இ.சி. எண் இருக்காது, ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்) உங்கள் பெயரில்தான் போகும். கடைசியில் எல்லா வேலையையும் நீங்கள் செய்திருப்பீர்கள், ஒப்பந்தம் மட்டும் வேறு கதை சொல்லும். எதிர்முனையில் இருக்கும் டி.டி.பி.யை (வரியும் கட்டி வாங்குபவரின் நாட்டில் ஒப்படைக்கும் விதி) யாராவது கேட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதில் ஜெர்மனியின் சுங்க வரியும், 19 சதவீத இறக்குமதி வாட் வரியும் விற்பவர் தலையில் வரும். அங்கே பதிவு பெறாத சிறு நிறுவனத்துக்கு அந்த வாட் வரியைத் திரும்பப் பெறுவது கடினம்.

இனி உங்கள் நண்பர் சொன்ன சி.ஐ.எஃப். நான் மேலே சொன்ன கடல் இங்கேதான் இருக்கிறது. சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்றால் ஃபிரைட்டும் இன்சூரன்ஸ் பிரீமியமும் ஹாம்பர்க் வரை உங்களுடையவை. ஆனால் ரிஸ்க், எஃப்.ஓ.பி.யைப் போலவே, தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதும் மாறிவிடுகிறது. வழியில் கப்பல் மூழ்கினாலும், எல்.சி.க்கு உரிய ஆவணங்கள் சரியாக இருந்தால், உங்களுக்குப் பணம் வர வேண்டும்; இழப்பீடு கேட்பது வாங்குபவரின் வேலை. தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிற சரக்கானால், ரிஸ்க் மாறுவது தூத்துக்குடியிலா கொழும்பிலா என்ற கேள்வி எழும். வேறெதுவும் எழுதாவிட்டால் முதல் கப்பலில் ஏற்றிய இடமே புள்ளி. கொழும்பு என்று தவறுதலாக எழுதிவிட்டால் மன்னார் வளைகுடாப் பயணமும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஃபிரைட்டில் மிச்சம் பிடிக்கலாம் என்பது அமைதியான காலத்துக் கணக்கு. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீதான தாக்குதல்கள் தொடங்கியபின் பெரிய லைன்கள் சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்கான ஃபிரைட் சில வாரங்களிலேயே பல மடங்கு ஏறியது. முன்பே சி.ஐ.எஃப். விலை கொடுத்து உறுதி செய்திருந்தவர்கள் அந்த வித்தியாசத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. லைனுடன் விலை பேசும் பலம் இல்லாத முதல் ஆர்டரில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சம், ஒப்பந்த மதிப்பில் 110 சதவீதத்துக்கு 'சி' வகைப் பாலிசி. தீ, தரைதட்டல், மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளை அது கவனித்துக்கொள்ளும். திருட்டையும் மழைநீரில் நனைவதையும் கவனிக்காது. துணிச் சரக்குக்கு வரும் சேதத்தில் நனைவது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும் சி.ஐ.பி. என்ற இணை விதியில் 2020 முதல் விரிவான 'ஏ' வகை கட்டாயம். எனவே யார் எடுத்தாலும் 'ஏ' வகையையே கேளுங்கள். சரக்கு சேதமாகாவிட்டாலும் பாலிசி தேவைப்படலாம்: 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது, அதை மீட்ட செலவில் சரக்கு உரிமையாளர்களும் பங்கு தர வேண்டும் என்று ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. தங்கள் துணியோ பொம்மையோ சிறிதும் சேதமாகாதவர்களும் உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும் என்ற நிலை. பாலிசி வைத்திருந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்கும். இல்லாதவர் சொந்தப் பணத்தை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில், எஃப்.சி.ஏ. ஆனாலும் எஃப்.ஓ.பி. ஆனாலும், கரூர் கிடங்கிலிருந்து ரிஸ்க் மாறும் புள்ளி வரையிலான பயணத்துக்கு நீங்களே ஒரு பாலிசி எடுக்க வேண்டும். வாங்குபவரின் பாலிசி பெரும்பாலும் அவருடைய ரிஸ்க் தொடங்கும் இடத்திலிருந்துதான் உங்கள் சரக்கைப் பார்க்கும்.

டிராபேக் (ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் வரித் தொகை) எஃப்.ஓ.பி. மதிப்பில்தான் கணக்கிடப்படுகிறது, அதனால் எஃப்.ஓ.பி.யில்தான் விற்க வேண்டும் என்ற எண்ணமும் நம் பக்கத்தில் பரவலாக உள்ளது. ஷிப்பிங் பில்லில் கேட்கப்படும் எஃப்.ஓ.பி. மதிப்பு சுங்கத் துறையின் கணக்குக்கான எண். நீங்கள் எந்த விதியில் விற்றாலும் உங்கள் சி.எச்.ஏ. (சுங்க முகவர்) அந்த மதிப்பைக் கணக்கிட்டு நிரப்புவார். அதேபோல், சரக்கின் உரிமை எப்போது மாறும், பணம் எந்நாளில் வரும், தரக்குறைவுக்கு என்ன பரிகாரம் என்பவற்றை இன்கோடெர்ம்ஸ் தொடுவதே இல்லை. 1930ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் உரிமை மாறும்போதுதான் ரிஸ்க்கும் மாறும். இன்கோடெர்ம்ஸைக் குறிப்பிடுவதே அந்த 'வேறு உடன்பாடு'. உரிமை மாறும் தருணத்துக்குத் தனி வாசகம் எழுதிக்கொள்ளுங்கள்.

புரோஃபார்மா இன்வாய்ஸில் (முன்கூட்டியே அனுப்பும் விலைப்பட்டியலில்) விலைக்கு எதிரே 'எஃப்.சி.ஏ., முனையத்தின் முழுப் பெயர், தூத்துக்குடி, இந்தியா, இன்கோடெர்ம்ஸ் 2020' என்றும், அதன் கீழே 'கப்பலில் ஏறியதற்கான குறிப்புடன் பி.எல். வழங்குமாறு வாங்குபவர் லைனுக்கு அறிவுறுத்துவார்' என்றும் எழுதி அனுப்புங்கள். வாங்குபவர் சம்மதித்ததும், எல்.சி. திறக்கப்படும் முன்பே அதன் வரைவை வாங்கி, விதியின் பெயர், இடம், பி.எல். நிபந்தனை மூன்றும் எழுத்துக்கு எழுத்து இன்வாய்ஸோடு பொருந்துகின்றனவா என்று உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் அலுவலரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். எல்.சி. வந்தபின் திருத்தம் கேட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டணம் உண்டு, அதற்குள் கப்பலின் கட்-ஆஃப் நாளும், அதாவது சரக்கை ஏற்கும் கடைசி நாளும், நெருங்கிவிடும்.