பேஸைக் கூட்டினால் இதமான டோன் வருமா?

கேள்வி: என்னிடம் இருப்பது மூன்று சிங்கிள் காயில் பிக்கப் உள்ள ஸ்ட்ராட் வகை கிட்டார், ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப். ப்ளூஸுக்கு வேண்டிய இதமான, சுத்தமான டோன் வரவே மாட்டேன் என்கிறது. ட்ரெபிள் காதைக் குத்துகிறது. பேஸைக் கூட்டினால் கார்டு எல்லாம் குழம்பிப் போகிறது. வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ப்ளூஸ் மேதை பி.பி. கிங் விரும்பி வாசித்த லேப் சீரிஸ் எல்5 டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். (கையில் இருந்தது ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) கிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

குமிழ்களைத் தொடும் முன் ஆம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து ட்ரெபிள் நேர்கோட்டில்தான் பாயும். ஆம்ப் தரையில், நீங்கள் நின்றபடி என்றால் அது முழங்காலுக்குத்தான் கேட்கும். நீங்களோ ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள். உட்கார்ந்ததும் குத்தும். நாற்காலி மேல் ஏற்றி, காது உயரத்தில் வைத்து டோனை அமையுங்கள்.

இதம் என்று நமக்குக் கேட்பது பெரும்பாலும் மிட்தான் (பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவிலுள்ள ஒலி), பேஸ் அல்ல. மூன்று குமிழும் 5-ல் இருந்தால் எல்லாம் சமம் என்று தோன்றும். ஃபெண்டர் பாணி ஆம்பில் அப்படியில்லை. அந்த நிலையிலேயே மிட் பள்ளமாகத்தான் இருக்கும், அதன் சர்க்யூட் அப்படி. அதனால் பேஸ் 3, மிட் 7, ட்ரெபிள் 4 என்று தொடங்குங்கள். மிட் குமிழே இல்லையா? மற்ற இரண்டையும் இறக்குங்கள், மிட் தானாக முன்னே வரும்.

அடுத்தது கிட்டார். கழுத்துப் பக்க பிக்கப்புக்கு மாற்றி, கிட்டார் வால்யூமை 10-ல் வைத்து ஓங்கி ஒரு கார்டு அடியுங்கள். ஒலி லேசாகக் கரகரக்கும் வரை ஆம்பின் கெய்னை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) ஏற்றுங்கள். அப்புறம் கிட்டார் வால்யூமை 6, 7-க்கு இறக்குங்கள். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி அடித்தால் கொஞ்சம் சொரசொரப்பாகவும் பேசும். வால்யூமை இறக்கும்போது கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் ட்ரெபிளையும் கொஞ்சம் விழுங்கிவிடும். அந்த இழப்புதான் உங்களுக்கு வேண்டியது. ட்ரெபிள் ப்ளீட் (வால்யூமை இறக்கினாலும் ட்ரெபிளைக் காக்கும் சிறு சர்க்யூட்) பொருத்திய கிட்டாரில் இது நடக்காது, டோன் குமிழைத்தான் இறக்க வேண்டும்.

உங்கள் ஆம்பில் அந்தக் கரகரப்பு கண்ணாடித் தூள் மாதிரி இருந்தால் கெய்னைத் திரும்ப இறக்கிவிட்டு, டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (லேசான கரகரப்பு தரும்) பெடல் ஒன்றைச் சேருங்கள். டிரைவ் ஏறக்குறைய சுழியம். லெவல், பெடல் இல்லாதபோது கேட்ட அளவு. மிட்டையும் அதுவே தூக்கித் தரும். என் கணக்கில் புது ஆம்பைவிட இது நல்ல செலவு.

பிக்கப் உயரத்தையும் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தபடி அளந்தால் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியை இழுக்கும், தடித்த கம்பிகள் சுருதி பிசகியது போலக் கேட்கும். நீங்கள் சொல்லும் குழப்பத்தில் பாதி இதுவாகவும் இருக்கலாம்.

பிக்கை (மீட்டும் சில்லை) பிரிட்ஜ் பக்கம் வைத்து அடிப்பவர் என்றால் கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள். அதே ஸ்வரத்தைக் கட்டைவிரல் சதையால் ஒருமுறை மீட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ரிவர்ப் (எதிரொலிக் குமிழ்) 2, 3-க்கு மேல் வேண்டாம். ஸ்வரங்களை வளைக்கும்போது அது மூடி மறைத்துவிடும்.