வென்டிலேட்டரில் இருப்பவரின் இதயம் ஏன் வீங்குகிறது?

கேள்வி: கடுமையான நிமோனியாவால் அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். இதய நோய் எதுவும் இருந்ததில்லை. இப்போது எக்கோ எடுத்துவிட்டு, இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறது என்கிறார்கள். குப்புறப் படுக்கவைக்கப் போகிறார்களாம். வென்டிலேட்டர்தான் காரணமா?

பதில்: அதற்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் காரணம் நோய்தான். இதயத்தின் வலது கீழறைக்குச் சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்தில் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பியே பழகியது. நுரையீரல் பழுதானதும் அங்குள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, சிலவற்றில் ரத்தம் உறைகிறது. போதாக்குறைக்கு, வென்டிலேட்டர் தள்ளும் காற்று நுண்ணிய ரத்தக்குழாய்களை நசுக்குகிறது. சுமை தாங்காமல் கீழறை விரிந்து இடப்பக்கத்தை நெருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இவ்வகை நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது.

ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை எடையை வைத்து அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்: உயரத்துக்கு உரிய எடையில் கிலோவுக்குச் சுமார் 6 மி.லி. காற்றை உள்ளே தள்ளி முடித்ததும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம் 30 செ.மீ. நீரளவைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. வலது இதயம் திணறினால் 27-28க்குள் வைப்பது நல்லது. சிக்கல் எங்கே என்றால், காற்றைக் குறைத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், அது நுரையீரலின் ரத்தக்குழாய்களை இன்னும் சுருக்கும். ரத்தத்தில் அதன் அழுத்தம் 48 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது. மூச்சின் வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம். அளவு மீறினால் காற்று வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

குப்புறப் படுக்கவைப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். என்னைக் கேட்டால், இதயத்துக்கும் அதுதான் பெரிய உதவி. முதுகுப்பக்க நுரையீரல் திறந்துகொள்ளும். கார்பன் டை ஆக்சைடும் வலது இதயத்தின் சுமையும் குறையும். 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் இப்படிப் படுக்கவைத்தபோது 28 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது.

ரத்த அழுத்தம் இறங்கினால் 'டிரிப்ஸ் ஏற்றுங்கள்' என்று வற்புறுத்த வேண்டாம். விரிந்த கீழறையை அது மேலும் விரிக்கும். பெரும்பாலும் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார்அட்ரினலின்தான் கைகொடுக்கும். மூச்சோடு கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு ரத்தத்தில் ஆக்சிஜனைக் கொஞ்சம் உயர்த்தும், ஆனால் உயிரைக் காக்கிறது என்பது நிரூபணமாகவில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: மறுபடி எக்கோ எப்போது? கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறதா, இறங்குகிறதா? எக்மோ (ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) தேவைப்படுமா? அந்த வசதி அங்கே இல்லையென்றால், வேறு மருத்துவமனைக்கு மாற்றுவது பற்றி இப்போதே பேசுங்கள். நிலைமை முற்றியபின் நகர்த்துவது மிகவும் ஆபத்தானது.