லைனில் இருங்கள்! – கேள்வி பதில்

கேள்வி: பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக இருக்கிறேன். போனை இணையம் வழியாக இயங்கும் கிளவுடு சிஸ்டத்துக்கு மாற்றினோம். நாங்கள் எடுக்காத நேரத்தில் பேசி அப்பாயின்ட்மென்ட் கொடுக்க, தானியங்கிக் குரல் சேவை ஒன்றையும் டாக்டர் வாங்கினார். ‘இந்த எண்ணுக்கு ஃபார்வர்டு போட்டால் போதும்’ என்றார்கள். போட்டோம். இப்போது பத்து வருடமாக வருகிற நோயாளியையும் அது ‘நீங்கள் புதியவரா?’ என்று கேட்கிறது. நேற்று ஒருவர், ‘உங்கள் வணக்கத்தை நாலு தடவை கேட்டேன்மா, ஆளைத்தான் காணோம்’ என்று கத்தினார். எங்கே தப்பு?

பதில்: அந்தப் ‘போதும்’ என்ற சொல்லில்தான் அம்மா. ஃபார்வர்டு போட்டால் வந்த அழைப்பு அப்படியே அந்தப் பக்கம் போய்விடுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் உங்கள் சிஸ்டம் நோயாளியின் அழைப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, தானே இன்னொரு அழைப்பைப் போட்டு, இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. இரண்டாவது அழைப்பைப் போட்டது உங்கள் சிஸ்டம் என்பதால், அங்கே பல நேரம் தெரிவது மருத்துவமனையின் எண். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே எண்ணில் வந்தால் அது யாரைத்தான் அடையாளம் காணும், பாவம்!

ஃபார்வர்டு பகுதியில் ‘அழைத்தவர் எண்ணைக் காட்டு’ என்கிற மாதிரி ஒரு தேர்வு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதி வலி குறையும். முழுசாகக் குறைய, சிப் டிரங்க் (இரண்டு போன் சிஸ்டங்களை இணையம் வழியாக நேராகப் பிணைக்கும் இணைப்பு) மூலம் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு சிஸ்டங்கள் அழைப்பைத் தொடங்கவும் மாற்றவும் முடிக்கவும் பேசிக்கொள்ளும் மொழிதான் சிப். 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணைய விதிமுறை ஆவணம்தான் இன்றைக்கும் அதன் அடிப்படை. யார் கூப்பிட்டார், எந்த எண்ணைக் கூப்பிட்டார், எங்கிருந்து திருப்பிவிடப்பட்டது என்பதை எல்லாம் எழுதி அனுப்ப அதில் இடம் உண்டு. சேவைக்காரரிடம் சர்வர் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு, போர்ட் எண் (வழக்கமாக 5060, டிஎல்எஸ் பாதுகாப்போடு என்றால் 5061) கேட்டு வாங்குங்கள். கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) இரண்டு பக்கமும் ஜி.711 ஆக இருக்கட்டும். உங்கள் பிளானில் வெளி டிரங்க்குக்கு இடமில்லை என்றால், தானியங்கியையே ஓர் எக்ஸ்டென்ஷனாகப் பதிய முடியுமா என்று கேளுங்கள். உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு மேஜை போட்டமாதிரி. சின்ன இடங்களுக்கு எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

அப்படியும் பழைய நோயாளி ‘புதியவர்’ ஆகிறார் என்றால் எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். லைனில் வருவது கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடுமாக இருக்கும். உங்கள் பதிவேட்டில் இருப்பது முன்னால் ஒரு பூஜ்யத்தோடு. கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எல்லாம் சேர்த்து 15 இலக்கத்துக்குள் என்கிற இ.164 முறைக்குப் பதிவேட்டை மாற்றிவிடுங்கள். அலுப்பான வேலைதான்.

இனி அந்த நாலு வணக்கம். தானியங்கி ‘வரவேற்புக்கு இணைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு உங்கள் பொது எண்ணையே கூப்பிடுகிறது. நீங்கள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்ததும் பொது எண் என்ன செய்யும்? தானியங்கிக்கே ஃபார்வர்டு செய்யும். மறுபடி வணக்கம். செக்குமாடுதான். சிப்பில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அழைப்போடு ஓர் எண் போகும்; வழக்கமாக 70இல் தொடங்கி, வழியில் ஒவ்வொரு சர்வரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால் அழைப்பு நின்றுவிடும். ஆனால் தானியங்கி போடுவது புது அழைப்பாயிற்றே, கணக்கு பெரும்பாலும் மறுபடி 70இலிருந்து தொடங்கிவிடும். ஆகவே தானியங்கி மாற்றிவிடும் அழைப்புக்கு என்று தனி எக்ஸ்டென்ஷன் வையுங்கள். அதில் ஃபார்வர்டே கூடாது. யாரும் எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயில்.

நானும் இதில் விழுந்தவன்தான். ஓர் அலுவலகத்தில் இணைப்புக் கொடுத்துவிட்டு என் செல்போனிலிருந்து இருபது தடவை சோதித்தேன். இருபது தடவையும் வரவேற்பில் ஆள் இருந்தார், எடுத்தார். ஆள் இல்லாத நாற்காலியைச் சோதிக்கத் தோன்றவில்லை. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டவர், முதலாளி.

கேள்வி: தானியங்கி பேசும்வரை எல்லாம் சரி. எங்களுக்கு மாற்றிக் கொடுத்ததும் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. லைன் கோளாறா?

பதில்: ரௌட்டரைப் பாருங்கள். சிப் ஒரு தரகர் மட்டும்தான். குரல் போவது ஆர்டிபி என்ற வேறு பாதையில், பெரும்பாலும் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாக. அழைப்பு மாறும்போது ‘உன் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று புதிதாகப் பேசிக்கொள்வார்கள். அப்போது உங்கள் மேஜைப் போன் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியைக் கொடுத்தால், வெளியிலிருந்து வரும் பொட்டலம் எப்படி வந்து சேரும்? ரௌட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ என்று ஒன்று இருக்கும். இந்த முகவரியைத் திருத்தி உதவுவதற்காக வைத்தது, பல ரௌட்டர்களில் திருத்துகிறேன் என்று கெடுத்துவிடும். அதை அணைத்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள். சரியாகாவிட்டால், குரல் பொட்டலம் வருவதற்காகக் கிளவுட் நிறுவனம் சொல்லும் யூடிபி போர்ட்டுகளை ஃபயர்வால் தடுக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ‘இரண்டை அழுத்தவும்’ என்கிறது. அழுத்து அழுத்து என்று அழுத்தியும் அசையவில்லையே?

பதில்: 2 என்ற பொத்தானுக்கு 697, 1336 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் சேர்ந்து எழும். 1963இல் பெல் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு. ஜி.729 மாதிரி குரலை இறுக்கிச் சுருக்கும் கோடெக் வழியாகப் போனால் அந்த ஒலி சிதைந்துவிடும். அதனால் இப்போது அதை ஒலியாக அனுப்பாமல் ‘2 அழுத்தப்பட்டது’ என்று ஒரு செய்தியாக அனுப்புகிறார்கள். ஆர்எஃப்சி 4733 என்பது அதுதான். ஒரு பக்கம் ஒலியாக அனுப்ப, மறுபக்கம் செய்திக்காகக் காத்திருந்தால் இரண்டும் விடிய விடியக் காத்திருக்கும். இரண்டு பக்கமும் 4733 என்று வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 5 சேனல், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து அழைப்புக்கு இடம், வாங்கினோம். தானியங்கிக்கு ஃபார்வர்டு போட்டபிறகு மூன்றாவது ஆளுக்கே பிஸி என்று வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஃபார்வர்டு ஆகும் ஒவ்வோர் அழைப்பும் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு சேனலைப் பிடிக்கும். இரண்டு பேருக்கு 4. மூன்றாமவர் ஐந்தாவதில் உள்ளே வந்துவிட்டார், வெளியே போக இடமில்லை. கூடுதல் சேனல் வாங்குங்கள் என்பார்கள், அவசரப்படாதீர்கள். முதல் பதிலில் சொன்னபடி தானியங்கியை எக்ஸ்டென்ஷனாக மாற்றுங்கள். பெரும்பாலான சிஸ்டங்களில் உள் அழைப்பு அந்த ஐந்தில் சேராது. அதன்பிறகும் பிஸி வந்தால் அப்போது வாங்கலாம்.