கேள்வி - பதில்: வேகம் 100, குரல் மட்டும் துண்டு துண்டாக!

வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகச் சோதனையிலும் அப்படியே காட்டுகிறது. ஆனால் வீடியோ காலில் மகள் பேசுவது விட்டு விட்டுத்தான் கேட்கிறது. லைனில் குறையே இல்லை என்கிறார்கள் இன்டர்நெட் கம்பெனியில். யார் சொல்வது சரி?
- வாசகி, தஞ்சாவூர்

இருவர் சொல்வதும் சரிதான். வேகச் சோதனை பார்ப்பது எவ்வளவு வந்தது என்பதை. காது பார்ப்பது நேரத்துக்கு வந்ததா என்பதை. குரல் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாகப் போகிறது. தாமதமாக வந்த துண்டு, வராத துண்டுக்குச் சமம். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அது மிகவும் கூடினால், ‘நீ சொல்லு, நீ சொல்லு’ என்று இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பீர்கள்.

கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று காட்டும் கட்டளை) கொடுங்கள். கடைசியில் ஒரு சிறு கோடும் ஆங்கில ‘டி’ எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். ஒரு நிமிடம் கழித்து, செல்போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 20-இல் இருந்த எண் 300, 400 என்று எகிறுகிறதா? ரவுட்டரில் வரிசை தேங்குகிறது. அந்த வீடியோவுக்குப் பின்னால் மகளோடு பேசும் பேச்சு காத்து நிற்கிறது. ரவுட்டரில் ‘எஸ்க்யூஎம்’ (வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் இயக்கி, அப்லோடு வேகத்தை அளந்ததில் 85-90 சதவீதமாகக் குறைத்து வையுங்கள். 20 எம்பிபிஎஸ் வந்தால் 17 போதும். வேகச் சோதனை எண் இறங்கும், குரல் தெளியும்.

அப்லோடு இல்லாதபோதே எண் தாவினால் வைஃபையைச் சந்தேகியுங்கள். லேன் கேபிளில் சரியாக இருந்தால் வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். (மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கலைக்கும்.) கேபிளிலும் தாவினால், அந்தத் திரையைப் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள்.

எங்கள் கடையின் இணையதளம் சராசரியாக 1.9 வினாடியில் திறக்கிறது என்கிறார் டெவலப்பர். வாடிக்கையாளர்களோ ‘இழுக்கிறது’ என்கிறார்கள்.
- வாசகர், திருப்பூர்

100 பேரில் 70 பேருக்கு 0.6 வினாடி, 30 பேருக்கு 5 வினாடி என்றாலும் சராசரி 1.9தான்! புகார் செய்வது அந்த முப்பது பேர். வேகமானது முதல் மெதுவானது வரை வரிசைப்படுத்தி 75-ஆவது ஆளின் நேரத்தைக் கேளுங்கள். கூகுளின் அளவுகோலும் அதுதான்: பக்கத்தின் முக்கியப் பகுதி அவருக்கு 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும்.

‘பணம் செலுத்து’ பட்டனையும் பாருங்கள். அழுத்தியபின் மூன்று வினாடி திரையில் அசைவே இல்லையென்றால் யாராக இருந்தாலும் மறுபடி அழுத்துவார். பணம் இருமுறை போகலாம். அழுத்திய உடனே பட்டன் மங்கி, ‘காத்திருங்கள்’ என்று வரட்டும். ஒரே ஆர்டர் எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் அதை ஏற்கக் கூடாது.