குளத்துக்கு முதல் இடம், கடைக்கு அடுத்த இடம்: கிளிநொச்சி நிலப் பயன்பாடு பற்றிய கேள்வி பதில்

ஏ9 வீதியின் இரு பக்கமும் கடைகள் நீள்கின்றன, வயல்களில் கிறவல் (நிரப்பும் சரளை மண்) விழுகிறது, பரப்புக் காணிகள் துண்டு துண்டாகப் போகின்றன. இவற்றையும் இவை போன்ற சிக்கல்களையும் பற்றிக் கிளிநொச்சியிலிருந்தும் வன்னியின் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி (கனகபுரம்): ஐயா, நகரத்துக்கு வலய வரைபடம் தயாரிக்கிறதெண்டால் முதல் எதைக் குறிக்க வேணும்? கடைத்தெருவையா, குடியிருப்பையா?

பதில்: இரண்டையும் அல்ல. வன்னியில் முதலில் குறிக்க வேண்டியது எங்கே கட்டக்கூடாது என்பதைத்தான். மிஞ்சுகிற இடத்தில்தான் நகரம்.

வரிசை இப்படி இருந்தால் நல்லது. முதலில் குளங்கள்: குளக்கட்டு, அலைகரை (தண்ணீர் ஏறி இறங்கும் கரையோரம்), முழுக் கொள்ளளவில் தண்ணீர் ஏறி நிற்கும் எல்லை. அடுத்தது ஒவ்வொரு குளத்தின் வானிலிருந்தும், அதாவது குளம் நிரம்பினால் மிகைநீர் வழியும் இடத்திலிருந்தும், தண்ணீர் ஓடும் பாதை. பெரும்பாலான வரைபடங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். குளம் நீல நிறத்தில் அழகாக இருக்கும், வான் பாய்ந்த பிறகு தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கோடும் இருக்காது. வருடத்தில் பத்து மாதம் அந்தப் பாதை காய்ந்து கிடப்பதால், வெறுங்காணி என்று நினைத்து வேலி போட்டு விடுகிறார்கள். மூன்றாவது வாய்க்கால்களும் அவற்றின் ஒதுக்கீடுகளும். அதன் பிறகு வயல், காடு, வீதி, ரயில் பாதை. கடைசியாகத்தான் குடியிருப்பும் வியாபாரமும்.

இரணைமடுக் குளத்தின் வான் தண்ணீர் கனகராயன் ஆற்றின் வழியே கண்டாவளைப் பக்கமாக இறங்கிச் சுண்டிக்குளம் களப்பைச் சேர்கிறது. 2018 டிசம்பர் 21, 22 மழைக்கு எந்தெந்த வீட்டுச் சுவரில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது ஊர்ச் சனத்துக்கு இன்னும் நினைவிருக்கிறது. கிராம அலுவலர் பிரிவு பிரிவாகப் போய் அந்த அடையாளங்களைக் கேட்டு, நில அளவையாளரைக் கொண்டு மட்டம் எடுத்து, ஒரே அடிப்படை மட்டத்தோடு இணைத்தால் வெள்ளக் கோடு கிடைத்து விடும். இதற்குப் பெரிய கணினி மாதிரி எதுவும் தேவையில்லை. ஆனால் "முழங்கால் அளவு நின்றது" என்ற பேச்சை அப்படியே பதிவு செய்யாதீர்கள். யாருடைய முழங்கால், முற்றத்திலா திண்ணையிலா என்பது தெரியாத அளவு, அளவே அல்ல.

கேள்வி (உருத்திரபுரம்): அண்ணை, எங்கட வயலில ஒரு பரப்பை மூண்டடி உயர்த்தி வீடு கட்டலாமோ? பக்கத்தில எல்லாரும் நிரப்பீற்றினம்.

பதில்: வயல் நிலத்தை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைக் கமநல சேவை நிலையத்தில் தொடங்குங்கள். பிரதேச சபையின் கட்டட அனுமதி அதற்கு ஈடாகாது. பக்கத்துக் காணிக்காரர் நிரப்பியதும் உங்களுக்கு அனுமதி ஆகாது.

கணக்கையும் பாருங்கள். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், ஏறத்தாழ 2,720 சதுர அடி. மூன்றடி நிரப்பினால் 8,170 கன அடி, அதாவது 82 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). இறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்காவது அமுங்கும் என்பதால் 100 கியூப் ஏற்ற வேண்டி வரும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் என்றால் 34 லோட். முன்பு அந்த இடத்தில் நின்ற தண்ணீர், ஏறக்குறைய 2,30,000 லீற்றர், இனிப் பக்கத்து வளவில் நிற்கும். வெள்ளச் சண்டைகள் பலவற்றுக்கும் மூலம் இதுதான்.

காணி மேட்டுநிலமாக இருந்து மழைக்கு மட்டும் ஈரம் பிடிக்கிறதென்றால், முழுக் காணியையும் நிரப்பாமல் வீட்டின் அடித்தளத்தை மட்டும் உயர்த்துங்கள். 800 சதுர அடி வீட்டுக்கு மூன்றடி உயர்த்த 24 கியூப் போதும், இறுக்கலுக்குச் சேர்த்து 30 வைத்துக்கொள்ளுங்கள். முற்றம் பழைய மட்டத்திலேயே கிடக்கட்டும்.

கேள்வி (திருநகர்): எங்கட ஒழுங்கை ஒவ்வொரு மாரியும் குளமாகுது. வடிகான் கட்டினால் சரியோ?

பதில்: முதலில் மதகுகளை, அதாவது வாசலுக்கும் வீதிக்கும் அடியில் தண்ணீர் போகும் குழாய்களை, பாருங்கள். புதிய வாசல் வைக்கும்போது 900 மி.மீ குழாயை எடுத்து விட்டு 450 மி.மீ குழாய் ஒன்றைப் போடுகிறார்கள். அளவு பாதி, தண்ணீரும் பாதி போகும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் குழாய் வாயின் பரப்பு நான்கில் ஒன்றாகி விடுகிறது, உராய்வையும் சேர்த்தால் அதைவிடக் குறைவு. அந்த ஒரு வாசலுக்கு மேல் எத்தனை மீற்றர் வடிகான் கட்டினாலும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். கீழிருந்து மேலே போங்கள்: தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்காலில் தொடங்கி, ஒவ்வொரு மதகின் அளவையும் குறித்துக்கொண்டு வந்தால் குற்றவாளி தானே தெரிவார். மதிலின் அடியில் தண்ணீர் ஓட்டை விடாமல் கட்டியவரும் அதே பட்டியலில்தான்.

கேள்வி (வட்டக்கச்சி): அனுமதிப்பத்திரக் காணியை நாலு பிள்ளையளுக்கும் பிரிச்சுக் குடுக்கலாமோ?

பதில்: பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட அரச காணி என்றால், எவ்வளவுக்குக் குறையாமல் பிரிக்கலாம் என்ற அளவு அதில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே பிரிக்க முடியாது. கைமாற்றத்துக்கும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பது பிற்காலத்தில் பிள்ளைகளுக்குத்தான் வில்லங்கம்: வங்கிக் கடனும் இல்லை, கட்டட அனுமதியும் இல்லை.

கேள்வி (பரந்தன்): ஏ9 ஓரம் முழுக்க வியாபார வலயம் எண்டு அறிவிச்சால் ஊர் முன்னேறும்தானே?

பதில்: காணி விலை முன்னேறும். ஒரு கடை ஆழத்துக்குக் கிலோமீற்றர் கணக்காக நீளும் நகரம், பின்னால் இருக்கும் காணிகளுக்கான வழியை அடைத்து விடும். பிறகு அங்கே ஒரு பாடசாலைக்கோ சந்தைக்கோ வீதி வெட்ட, கட்டிய கடையை உடைக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தனி வாசல் இருப்பதால் நெடுந்தூர பஸ்ஸும் சைக்கிளில் திரும்பும் பிள்ளையும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள்.

சந்திகளைச் சுற்றி நடந்து போகக்கூடிய 400 மீற்றருக்குள் வியாபாரத்தைத் திரட்டுவது மேல். கரடிப்போக்கு, பரந்தன் போன்ற சந்திகள் அதற்கு ஏற்றவை. கடைகளுக்குப் பின்னால் ஒரு சமாந்தர வீதியை இப்போதே வரைபடத்தில் ஒதுக்கி வையுங்கள், போடுவது பிறகு போடலாம். காணி வாங்குபவர் முற்பணம் கொடுக்க முதலே, வீதிக்கு ஒதுக்கிய கோடு காணியில் எங்கே வருகிறது என்று காட்டும் வீதி எல்லைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஏ9க்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக் கோடு எது என்பதையும் கேளுங்கள். கட்டிய பிறகு தெரிய வரும் கோடு மிகவும் விலை கூடியது.

கேள்வி (வவுனியா, பம்பைமடு): 10 பேர்ச் துண்டுகளாகக் காணி விக்கினம். ஒவ்வொண்டிலும் கிணறும் மலசலகூடக் குழியும் அடங்குமோ?

பதில்: கஷ்டப்பட்டு அடங்கும், அதுவும் எல்லோரும் ஒரே ஒழுங்கில் வைத்தால். மலசலகூடத்தின் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 18 மீற்றர், ஏறத்தாழ 60 அடி, விட வேண்டும். 10 பேர்ச் காணி 12.5 மீற்றர் அகலம், 20 மீற்றர் ஆழம் என்று வைப்போம். கிணற்றை முன் எல்லையிலிருந்து ஒரு மீற்றர், குழியைப் பின் எல்லையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளினால் சரியாக 18. கிணற்றின் விட்டத்தையும் குழியின் அகலத்தையும் கழித்தால் அதுவும் இல்லை.

உங்கள் காணிக்குள் சரியாக வைத்தாலும் பின்வீட்டுக்காரர் தன் குழியை உங்கள் கிணற்றுப் பக்கம் வெட்டலாம். ஆகவே பிரிக்கும்போதே விதி எழுத வேண்டும்: கிணறு எல்லாம் வீதிப் பக்கம், குழி எல்லாம் பின்பக்கம். சாய்வு பின்னிருந்து வீதிக்கு என்றால் தலைகீழாக மாற்றுங்கள், குழி பள்ளத்தில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வராத இடத்தில் 20 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டை வலய விதி அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. பிரிக்கும் காணி ஒரு ஹெக்டேயருக்கு மேல் என்றால், வீதிகள் போக மிஞ்சுவதில் 10 சதவீதத்தைப் பொது வெளிக்கு விட வேண்டும் என்ற விதியையும் விற்பவரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி (முருங்கன்): எங்கட பக்கம் சுவரெல்லாம் வெடிக்குது. மேசன் பிழையோ?

பதில்: பெரும்பாலும் மண். முருங்கன் களிமண் மாரியில் வீங்கி, கோடையில் சுருங்கிப் பிளக்கும். நெல்லுக்கு அருமையான மண், ஆழமில்லாத அத்திவாரத்துக்கு எமன். அங்கே குடியிருப்பு வலயத்தை வேறு மண்ணுள்ள மேட்டுக்கு நகர்த்துவதே மலிவு.

கேள்வி (முள்ளியவளை): வீட்டுக்குப் பக்கத்தில அரிசி ஆலை. இரவு நித்திரை இல்லை. ஆலைதான் முதல் வந்தது எண்டு சொல்லினம்.

பதில்: முதல் வந்தது யார் என்பது சத்தத்தின் அளவை மாற்றாது. 1996இன் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு என்பது மாலை 6 முதல் காலை 6 வரை. ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, அதில் வேலை நேரமும் உமிச் சாம்பலை அகற்றும் முறையும் எழுதியிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

ஆனால் வலயம் வரைபவர்களின் பிழையும் உண்டு. ஆலையைச் சுற்றி வீடு கட்ட அனுமதித்து விட்டு ஆலையைத் துரத்துவது நியாயமில்லை. மாரிக் காற்று வடகிழக்கிலிருந்தும், நடு வருடக் காற்று தென்மேற்கிலிருந்தும் வீசும். ஆகவே உமித்தூள் விழும் அந்த இரு திசைகளிலும் வீடு தவிர்த்து, களஞ்சியம், வாகனத் தரிப்பிடம் போன்றவற்றை வைக்கலாம்.

கேள்வி (அக்கராயன்): நகர அபிவிருத்தித் திட்ட வரைவைக் காட்சிக்கு வைச்சால் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: "எதிர்க்கிறோம்" என்று நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதை விட, ஒருவர் நில அளவை வரைபட இலக்கத்தோடு எழுதுவது கனமானது. எந்தத் துண்டு, வரைவில் என்ன வலயம், ஏன் பொருந்தாது, மாற்றாக என்ன என்று நான்கு பந்தி போதும். குறித்த காலத்துக்குள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வான் பாயும் பாதையைக் குடியிருப்பு என்று வரைந்திருந்தால் படம் இணைக்க வேண்டும், அதுவும் டிசம்பரில் தண்ணீர் ஓடும்போது, அடி குறித்த ஒரு தடியை நட்டு, பின்னால் மதகோ மின்கம்ப இலக்கமோ தெரியும்படி எடுத்த படம். ஓகஸ்டில் எடுத்த படத்தில் மாடுதான் மேயும்.