இரட்டையர் பேட்மிண்டனில் உங்களை மிகவும் கவர்ந்த வீரர் யார், ஏன்?

யோசிக்கவே வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் ஹெண்ட்ரா செட்டியவான்தான்.

நான் பல வருடமாக டபுள்ஸ் ஆடுகிறேன். டபுள்ஸ் என்றாலே பின்னாலிருந்து எகிறி அடிக்கும் ஸ்மாஷ்தான் என்று நினைத்திருந்தேன். இவர் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு என் கண் நெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

எதிராளி சர்வீஸ் போடும்போது அவர் நிற்பதைக் கவனியுங்கள். முன்பக்க சர்வீஸ் கோட்டை ஒட்டி, ராக்கெட்டை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருப்பார். ஷட்டில் வந்ததும் வீசி அடிக்க மாட்டார். விரல்களை மட்டும் இறுக்கி ஒரு தட்டு. சர்வீஸ் போட்டவரின் கைக்கு எட்டாமலும் பின்னால் நிற்பவர் வந்து சேருவதற்கு முன்பும், இருவருக்கும் நடுவே ஓரமாகப் போய் இறங்கும். யார் எடுப்பது என்று தயங்கி, கடைசியில் ஷட்டிலைத் தூக்கிக் கொடுப்பார்கள். அதற்கப்புறம்தான் ஸ்மாஷ். கைதட்டல் ஸ்மாஷ் அடித்தவருக்குப் போகும். ஆனால் அந்தப் பாயிண்டைச் சம்பாதித்தவர் முன்னால் நின்றவர்.

ஹெண்ட்ராவுக்குப் பின்னால் நின்று அந்த ஸ்மாஷை முதலில் அடித்தவர், அவருடைய அப்போதைய பார்ட்னர் மார்கிஸ் கிடோ. இருவரும் 2007இல் கோலாலம்பூரில் உலக சாம்பியன் ஆனார்கள். அடுத்த வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக் ஃபைனலில் சீனாவின் சாய் யுன், ஃபூ ஹைஃபெங் ஜோடியிடம், அவர்கள் மண்ணிலேயே, முதல் கேமை 12-21 என்று இழந்தார்கள். பிறகு 21-11, 21-16. தங்கம்.

பார்ட்னர் மாறினால் பெரிய ஜோடிகள் பலவும் காணாமல் போய்விடும். ஹெண்ட்ரா 2012இல் முகமது அஹ்சனோடு சேர்ந்தார். 2013லும் 2015லும் மறுபடி உலகப் பட்டம். அஹ்சனின் ஆட்டம் வேறு, கிடோவின் ஆட்டம் வேறு. இரண்டுக்கும் ஏற்றபடி முன்னால் இடம் அமைத்துக் கொடுத்தவர் ஒரே ஆள். என்னைப் பொறுத்தவரை ஒலிம்பிக் தங்கத்தைவிட இது பெரிது.

2016 ரியோவில் குரூப் சுற்றோடு வெளியேறினார்கள். ஜோடி பிரிந்தது. மலேசியாவின் டான் பூன் ஹியோங்கோடு ஆடிப் பார்த்துவிட்டு, 2018இல் அஹ்சனிடமே திரும்பினார். ‘டாடீஸ்’ (அப்பாக்கள்) என்று ரசிகர்கள் செல்லமாக அழைத்த காலம் அது. 2019 ஆகஸ்ட் 25, ஹெண்ட்ராவின் 35வது பிறந்த நாள். அன்றுதான் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நான்காவது உலகப் பட்டம்!

2021 ஜூனில் கிடோ பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்துபோனார். வயது 36. அந்தச் செய்தியைப் படித்த அன்று பெய்ஜிங் ஃபைனலைப் போட்டுப் பார்த்தேன், முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதே வருடம் அக்டோபரில், ஹெண்ட்ரா கேப்டனாக இருந்த இந்தோனேசிய அணி ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை 19 வருடங்களுக்குப் பிறகு வென்றது. 2025 ஜனவரியில் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் அவரும் அஹ்சனும் ஒன்றாகவே விடைபெற்றார்கள்.

எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 2019 ஆல் இங்கிலாந்து ஃபைனல். ஹெண்ட்ரா கெண்டைக்காலில் அடிபட்ட நிலையில் இறங்கினார். முதல் கேம் 11-21 என்று போய்விட்டது, அடுத்த இரண்டையும் ஜெயித்தார்கள். மூன்றாவது கேமை இரண்டு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை ஷட்டிலை விட்டுவிட்டு, ஹெண்ட்ராவின் கால்களை மட்டும்.